மங்கிய ஹெட்லைட்டை வீட்டிலேயே தேய்த்துத் தெளிய வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மஞ்சள் பூத்து மங்கிப்போன ஹெட்லைட்டைத் தெளிய வைப்பது கஷ்டமான வேலை இல்லை, ஆனால் படிகளின் வரிசை தப்பினால் மொத்த உழைப்பும் வீண். முதல்முறை செய்பவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில், பெரும்பாலோர் இரண்டே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பழைய பூச்சு பாதி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பாலிஷுக்குத் தாவிவிடுவது. இன்னொன்று, பளபளவென்று வந்ததும் மேலே புதுப் பூச்சு எதுவும் போடாமல் எழுந்துவிடுவது. முதலாவதின் விளைவு அன்றைக்கே திட்டுத்திட்டாகத் தெரிந்துவிடும். இரண்டாவதின் விளைவு சில மாதங்களில் மறுபடியும் மஞ்சளாக வந்து நிற்கும்.

எல்லாப் படிகளுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருப்பதால் அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட்டின் முகப்பு பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். சுலபத்தில் உடையாது, ஆனால் சுலபத்தில் கீறல் விழும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் மஞ்சளாகும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன் மேல் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கெட்டிப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். முதலில் கெடுவது அந்தப் பூச்சுதான். மஞ்சளாகி, நுண்ணிய வெடிப்பு விட்டு, கடைசியில் செதில் செதிலாக உரியும். நாம் தேய்க்கும்போது கெட்ட பூச்சோடு சேர்த்து, இன்னும் கெடாமல் இருக்கும் பூச்சும் போய்விடுகிறது. ஆகவே தேய்த்து முடித்த ஹெட்லைட் பார்க்கப் புதிதாக இருந்தாலும், வெயிலைத் தாங்க அதற்கு எந்தக் கவசமும் இருக்காது.

1. மங்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

தேய்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஹெட்லைட்டைக் கழுவிவிட்டு, ஈரத் துணியால் மேலே நன்றாகத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகவும் காய்ந்ததும் மறுபடி மங்கலாகவும் ஆனால் நல்ல செய்தி. கோளாறு மேற்பரப்பில்தான் இருக்கிறது, தேய்த்தால் போகும். தண்ணீர் அந்த நுண்ணிய கீறல்களையும் பள்ளங்களையும் நிரப்பிவிடுவதால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது, அதனால்தான் இந்தச் சோதனை வேலை செய்கிறது.

ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். உட்பக்கத்தில் புகை மாதிரி ஒரு படலம் படிந்திருக்கலாம். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. உள்ளே பல்புக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிரதிபலிப்பான் கருகி, வெள்ளி மினுக்கு உரிந்திருக்கலாம். அதற்கும் தேய்ப்பது மருந்தில்லை. அல்லது பழைய பூச்சு மிக மோசமாகி உரியும் நிலையில் இருக்கலாம்; இது மட்டும் தேய்த்தால் சரியாகும்.

வெடிப்புகளைத் தனியாகப் பாருங்கள். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் மின்னும். பெரும்பாலும் அவை பூச்சிலேயே நின்றுவிடும், அப்படியானால் பூச்சோடு சேர்ந்து போய்விடும். ஆழமாகப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிய வெடிப்புகள் போகாது. எது எந்த வகை என்பது பூச்சை எடுத்த பிறகுதான் முழுசாகத் தெரியும், அதனால் வெடிப்பு அதிகமிருந்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

உள்ளே நீர்த்துளி இருந்தால்? ஈரமான காலையில் லேசாகப் பனித்து, லைட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டால் கவலையில்லை, ஹெட்லைட்டுகளுக்குக் காற்றுத் துளை உண்டு. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் எங்கோ சீல் விட்டிருக்கிறது. அதை முதலில் சரிசெய்து உலர்த்திவிட்டு வாருங்கள்.

பழைய வண்டியாக இருந்தால் முகப்பு கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதையும் பார்த்துவிடுங்கள். நகத்தால் தட்டினாலே சத்தம் சொல்லிவிடும். கண்ணாடியை இந்த முறையில் தேய்க்கவே கூடாது.

2. கடைசிப் பூச்சை முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். தேய்த்து முடித்துவிட்டு, மேலே என்ன போடலாம் என்று அப்புறம் யோசிக்கிறார்கள். ஆனால் எந்த நம்பர் தேய்ப்புப் பேப்பரோடு (நம்பர் கூடக் கூடப் பேப்பர் நைசாகும்) நிறுத்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்தக் கடைசிப் பூச்சுதான்.

ஸ்பிரே கிளியர் கோட் (நிறமில்லாத, வார்னிஷ் மாதிரியான பூச்சு) அடிக்கப் போகிறீர்கள் என்றால் பளபளக்கும்வரை பாலிஷ் போடக் கூடாது. கிளியர் கோட் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்; வழுவழுப்பான பரப்பில் அடித்தால் பிறகு தோல் மாதிரி உரிந்து வரும். பொதுவாக 800 அல்லது 1000 நம்பர் பேப்பரோடு நிறுத்தினால் போதும். டப்பாவில் வேறு நம்பர் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

துணியில் நனைத்துத் தடவும் வகைப் பூச்சு என்றால் 2000 அல்லது 3000 வரை போக வேண்டும். செராமிக் கோட்டிங் என்றால் 3000 வரை தேய்த்து, காம்பவுண்டும் (கீறலை அரைத்து எடுக்கும் பசை) பாலிஷும் போட்டு முழுசாகத் தெளிந்த பிறகுதான், ஏனென்றால் அது மிக மெல்லியது, அடியில் இருக்கும் கீறலை மறைக்காது. ஒட்டுகிற பாதுகாப்பு ஃபிலிமுக்கும் இதே அளவு தெளிவு வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், வண்டி நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது என்றால் ஹெட்லைட்டுக்கென்றே வரும், புற ஊதாத் தடுப்புள்ள இரண்டு பாக கிளியர் கோட்தான் (ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) நீண்டகாலம் தாங்குகிறது. ஆனால் அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு மோசமானது, சாதாரணத் துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. ஆவி வடிகட்டிக் குப்பி பொருத்திய சுவாசக் கவசம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்தவெளி, இந்த நான்கும் இல்லையென்றால் அந்த வகையைத் தொடாதீர்கள். முதல்முறை செய்பவருக்குத் தடவும் வகை அல்லது ஃபிலிம் நல்லது. ஆயுள் கொஞ்சம் குறையலாம், ஆனால் தப்பு நடந்தால் திருத்துவது சுலபம்.

மெழுகு பூச்சு என்ற பெயரில் எதையும் நம்பிவிட வேண்டாம். கார் மெழுகு சில வாரங்களில் கழுவிப் போய்விடும்.

3. தேவையான பொருட்கள்

நடுவில் எழுந்து கடைக்கு ஓடினால் பாதித் தேய்ப்பில் காய்ந்த சேறு பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொள்ளும், அதனால் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் பயன்படுத்தக்கூடிய வாட்டர் பேப்பர் 400, 600, 800, 1000, 1500, 2000, 3000 நம்பர்களில் வேண்டும். மரத்துக்கான சாதாரண உப்புத்தாள் ஆகாது. தண்ணீர் பட்டால் பிய்ந்து, மணலை உதிர்த்துவிடும். ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு தாளாவது வைத்துக்கொள்ளுங்கள், 400-இலும் 600-இலும் கூடுதலாக.

அப்புறம், வளைந்து கொடுக்கும் ரப்பர் அல்லது ஃபோம் கட்டை, இரண்டு வாளி, ஸ்பிரே பாட்டில், கார் ஷாம்பு, நல்ல மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாளோ பிளாஸ்டிக் ஷீட்டோ, நாலைந்து மைக்ரோஃபைபர் துணி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். பாலிஷ் வரை போகிறவர்களுக்கு ரப்பிங் காம்பவுண்ட், மெல்லிய பாலிஷ், டிரில்லில் மாட்டும் சின்ன ஃபோம் பேட். கையாலும் பாலிஷ் போடலாம், ஆனால் 3000 வரை ஒழுங்காகத் தேய்த்திருந்தால் மட்டும்தான். அதிலும் தோள் வலிக்க வலிக்க நேரம் எடுக்கும்.

இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து, பூச்சு காயும் நேரம் போக, அரைநாள் ஒதுக்குங்கள். சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் தொடங்காதீர்கள், கீறல்கள் கண்ணுக்கே தெரியாது.

4. நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, கழுவுங்கள்

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். லைட் எரிந்துகொண்டிருந்தால் அணைத்து முழுசாக ஆறவிடுங்கள். சூடான பிளாஸ்டிக்கில் தண்ணீர் உடனே காய்ந்து, பேப்பர் வழுக்காமல் கடிக்கத் தொடங்கும்.

ஷாம்பு போட்டு ஹெட்லைட்டை மட்டுமில்லாமல் அதைச் சுற்றியுள்ள பானட் ஓரம், பம்பர், ஃபெண்டர் இடுக்கு எல்லாவற்றையும் கழுவுங்கள். இடுக்கில் ஒளிந்திருக்கும் ஒரு மணல் துகள் கழுவிய தண்ணீரோடு இறங்கி வந்து பேப்பருக்கு அடியில் மாட்டினால், நீங்கள் 2000-இல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது 80 நம்பர் கீறல் விழும்.

5. டேப் ஒட்டுவதில் சிக்கனம் வேண்டாம்

ஹெட்லைட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு, மூன்று அடுக்காக ஒட்டுங்கள். ஓர் அடுக்கு மட்டும் ஒட்டினால் 400 நம்பர் பேப்பர் ஒரே இழுப்பில் அதைக் கிழித்துக்கொண்டு பெயின்ட்டில் இறங்கிவிடும். நடுவில் டேப் நைந்து வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள், நைந்திருந்தால் நிறுத்தி மறுபடி ஒட்டுங்கள்.

முடிந்தால் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஹெட்லைட்டின் மேல் விளிம்பு பானட்டுக்கு அடியில் மறைந்திருக்கும், அதையும் சேர்த்துத் தேய்க்காவிட்டால் கடைசியில் மேலே ஒரு மஞ்சள் கோடு மிஞ்சும். ஹெட்லைட்டையே கழற்றி மேசையில் வைத்துச் செய்ய முடிந்தால் இன்னும் வசதிதான், ஆனால் பம்பரைக் கழற்ற வேண்டிய வண்டிகளில் அந்தத் தொல்லை தேவையில்லை.

6. பழைய பூச்சை முழுசாக எடுங்கள்

மொத்த வேலையில் பாதி நேரம் இந்தப் படிக்குத்தான் போக வேண்டும். இங்கே அவசரப்பட்டவர்கள் பின்னால் எந்தப் படியிலும் அதை ஈடுகட்ட முடியாது.

வாட்டர் பேப்பரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள், அப்போதுதான் வளைவுக்கு ஏற்றபடி மடங்கும். வாளித் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு விட்டால் பேப்பர் வழுக்கிக்கொண்டு ஓடும், சேறும் சிக்கிக்கொள்ளாது. லேசாக மங்கிய ஹெட்லைட்டுக்கு 600 அல்லது 800 போதும். பூச்சு உரிந்தோ வெடித்தோ இருந்தால் 400-இல் தொடங்குங்கள். 400-ஐப் பார்த்துப் பயந்து 1000-இல் தொடங்குபவர்கள்தான் அதிகம். அவர்கள் ஒரு மணி நேரம் தேய்த்தும் பூச்சு அப்படியே இருக்கும், கை ஓய்ந்து, இதுவே போதும் என்று அடுத்த படிக்குப் போய்விடுவார்கள்.

பேப்பரைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, ஒரே திசையில் இடமும் வலமுமாக நேர்க்கோட்டில் தேய்த்துக்கொண்டே வாருங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள், வட்டக் கீறலை அடுத்த பேப்பரில் கண்டுபிடிப்பது கஷ்டம். விரல் நுனியால் அழுத்தவும் கூடாது, விரல் பதிந்த இடமெல்லாம் பள்ளமாகிவிடும். கட்டை நுழையாத ஓரங்களில் மட்டும் பேப்பரை மூன்றாக மடித்து, விரல்களைத் தட்டையாக வைத்துத் தேய்க்கலாம். ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருங்கள்.

வழியும் சேற்றின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் மஞ்சளாக வரும். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் குறைந்து, பால் மாதிரி வெள்ளையாக மாறும். மஞ்சள் நின்றது என்றால் கெட்ட பூச்சு பெரும்பகுதி போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள், கெடாத பூச்சும் வெள்ளையாகத்தான் வரும்.

உறுதியான சோதனை இது: தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பரப்பு முழுவதும் ஒரே சீரான வெளுப்பில், உறைந்த கண்ணாடி மாதிரி இருந்தால் பூச்சு போய்விட்டது. எங்காவது வரைபடத்தில் தீவுகளுக்குக் கரை போட்டதுபோல் வளைந்த கோடு தெரிந்தால், கோட்டுக்கு ஒரு பக்கம் வெறும் பிளாஸ்டிக், இன்னொரு பக்கம் பழைய பூச்சு. அந்தத் தீவுகள் எல்லாம் மறையும்வரை இதே பேப்பரிலேயே இருங்கள். தீவு இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டாமல் முழுப் பரப்பையும் சேர்த்தே தேய்த்து வந்தால் பள்ளம் விழாது. கரைக்கோடு பெரும்பாலும் கீழ் ஓரத்திலும் பக்க வளைவிலும் மிஞ்சியிருக்கும், ஏனென்றால் அங்கே வெயில் குறைவாகப் பட்டுப் பூச்சு இன்னும் கெட்டியாக இருக்கும்.

பூச்சு போன பிறகும் சில வெடிப்புக் கோடுகள் நின்றால் கொஞ்சம் கூடத் தேய்த்துப் பாருங்கள். குறையவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அதைத் துரத்திக்கொண்டு போனால் அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் மெலிந்து, வெளிச்சம் கோணலாக விழும்.

இந்தக் கட்டத்தில் ஹெட்லைட் முன்பைவிடக் கேவலமாக, முழு வெள்ளையாகத் தெரியும். நிறையப் பேர் பதறிப்போவது இங்கேதான். அப்படித்தான் இருக்க வேண்டும், தொடருங்கள்.

7. ஒவ்வொரு நம்பராக மேலே ஏறுங்கள்

இனிமேல் வேலை பூச்சோடு இல்லை, கீறலோடு. ஒவ்வொரு பேப்பரும் தனக்கு முந்தைய பேப்பர் போட்ட கீறலை எடுத்துவிட்டு அதைவிடச் சின்னக் கீறலைப் போடுகிறது. 400-க்குப் பிறகு நேரே 1500-க்குத் தாவினால், 1500-ஆல் அந்த ஆழமான கீறலை எடுக்க முடியாது; மேட்டை மட்டும் மினுக்கிவிட்டுப் பள்ளத்தை விட்டுவிடும். தேய்த்த அன்று தெரியாது, பாலிஷ் போட்டதும் பளபளப்புக்கு அடியில் கோடு கோடாகத் தெரியும்.

400-இல் இடவலமாகத் தேய்த்திருந்தால் 600-இல் மேலும் கீழுமாகத் தேயுங்கள், 800-இல் மறுபடி இடவலம். இப்படித் திசை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது: பழைய திசையில் ஒரு கோடு கண்ணில் பட்டாலும் அது முந்தைய பேப்பரின் மிச்சம் என்று உடனே தெரிந்துவிடும். மிச்சம் இருக்கும்வரை அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது.

சரிபார்ப்பது எப்போதும் காய்ந்த பரப்பில்தான். ஈரம் கீறலை மறைக்கும் என்பதை முதல் படியிலேயே பார்த்தோம். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் ஹெட்லைட்டையும் கட்டையையும் கையையும் அலசி, வாளித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். 600-இன் ஒரு துகள் 2000-க்கு வந்து சேர்ந்தால் போதும், இரண்டு படி பின்னால் போக வேண்டியிருக்கும். இரண்டாவது வாளி சுத்தத் தண்ணீருக்கென்றே இருக்கட்டும்.

கிளியர் கோட் அடிப்பவர்கள் 800 அல்லது 1000 வந்ததும் நிறுத்திவிட்டு நேரே 9-ஆம் படிக்குப் போகலாம். மற்றவர்கள் 1500, 2000, 3000 வரை போங்கள். மேலே போகப் போக ஒவ்வொரு பேப்பருக்கும் ஆகும் நேரம் குறையும், அழுத்தத்தையும் குறையுங்கள். 3000 முடிந்ததும் காய்ந்த நிலையிலேயே உள்ளே இருக்கும் பல்பு லேசான மங்கலோடு தெரிய வேண்டும்.

8. காம்பவுண்ட், அப்புறம் பாலிஷ்

இந்தப் படி செராமிக் கோட்டிங்கோ ஃபிலிமோ போடுபவர்களுக்கு. ஃபோம் பேடில் காம்பவுண்டைச் சின்னதாக நாலு பொட்டு வையுங்கள். டிரில்லை ஓடவிடுவதற்கு முன் பேடை ஹெட்லைட்டின் மேல் அப்படியே ஒற்றிப் பரப்பிவிடுங்கள், இல்லையென்றால் காம்பவுண்ட் சுவரெல்லாம் தெறிக்கும். வேகம் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுக்குள் இருக்கட்டும்.

பேடை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். பாலிகார்பனேட்டுக்குச் சூடுதான் எதிரி. ஒரே இடத்தில் சில நொடி அழுத்தி நின்றால் மேற்பரப்பு இளகி, இழுபட்டு, சரிசெய்ய முடியாத சுருக்கம் விழும். நடுநடுவே நிறுத்திக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் ஆறவிடுங்கள். காம்பவுண்ட் காய்ந்து தூளாகப் பறக்கத் தொடங்கினால் ஒரு தடவை தண்ணீர் தெளியுங்கள்.

இரண்டு சுற்றுக்குப் பிறகு துடைத்துப் பாருங்கள். பாலிஷுக்கு வேறு பேடைப் பயன்படுத்துங்கள், காம்பவுண்ட் பட்ட பேடில் அதன் பெரிய துகள் தங்கியிருக்கும். பாலிஷ் போட்டும் தெளியாத இடம் இருந்தால் மேலும் மேலும் பாலிஷ் போடுவதில் பயனில்லை, அங்கே 1500-இலோ 2000-இலோ மிச்சம் வைத்திருக்கிறீர்கள். திரும்பிப் போய் அந்த நம்பரிலிருந்து மறுபடி வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பழகியவர்களும் இப்படித்தான் திரும்பிப் போவார்கள்.

9. எண்ணெய்ப்பசை இல்லாமல் துடையுங்கள்

காம்பவுண்டிலும் பாலிஷிலும் எண்ணெய் இருக்கும். அது மேலே இருக்கும்வரை எந்தப் பூச்சும் பிடிக்காது. ஹெட்லைட்டையும் சுற்றுப்புறத்தையும் கழுவி, இடுக்கில் தேங்கிய தண்ணீரைத் துணியை நுழைத்து எடுத்து, நைந்த டேப்பைப் பிய்த்துப் புதிதாக ஒட்டுங்கள். பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து ஒருமுறை துடைத்து, வேறு துணியில் மறுபடி துடையுங்கள். இதற்குப் பிறகு விரல் படக் கூடாது.

ஆல்கஹால் இடத்தில் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதையும் வைக்காதீர்கள். அவை பாலிகார்பனேட்டைத் தாக்கி, நாம் இவ்வளவு நேரம் எதை எடுத்தோமோ அதே மாதிரியான வெடிப்பைப் புதிதாக உண்டாக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது.

கிளியர் கோட் அடிப்பவர்களுக்கு இந்த ஆல்கஹால் துடைப்பு ஒரு முன்னோட்டமும்கூட. துடைத்த சில நொடிகள், ஈரம் ஆவியாகும்வரை, கிளியர் கோட் அடித்த பிறகு எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அப்படியே தெரியும். அந்த நேரத்தில் கண்ணில் படும் கீறல் பூச்சுக்கு அடியிலும் தெரியும், அதனால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

10. புதுப் பூச்சு

ஸ்பிரே என்றால் முதலில் பானட், கண்ணாடி, சக்கரம் வரை மூடுங்கள். ஸ்பிரே தூசி நீங்கள் நினைப்பதைவிட வெகுதூரம் போகும். காற்று பலமாக இருந்தாலோ, மழைக்குப் பிந்தைய ஈரமான நேரமாக இருந்தாலோ தள்ளிப்போடுங்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பூச்சு வெள்ளை பூக்கும். இரண்டு பாக டப்பாவில் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் ஹார்ட்னர் கலக்கும். கலந்துவிட்டால் அதற்குப் பிறகு அது காத்திருக்காது, சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ டப்பாவுக்குள்ளேயே கெட்டியாகிவிடும், அதனால் இரண்டு ஹெட்லைட்டும் தயாரான பிறகே அழுத்துங்கள். டப்பாவை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள்.

சுமார் ஒரு சாண் தூரத்திலிருந்து, ஹெட்லைட்டுக்கு வெளியே அடிக்கத் தொடங்கி, குறுக்காகக் கடந்து, அந்தப் பக்கம் வெளியே போய் விரலை எடுங்கள். நடுவில் தொடங்கினால் அங்கே சொட்டு விழும். முதல் கோட் வெறும் தூவல் மட்டும். பரப்பு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் போதும். எடுத்த எடுப்பிலேயே நனைய நனைய அடித்தால் அதிலிருக்கும் கரைப்பான் வெறும் பிளாஸ்டிக்கைத் தாக்கும், வழியவும் செய்யும். ஐந்து, பத்து நிமிடம் விட்டு இரண்டாவது கோட்டைப் பளபளப்பு வரும் அளவுக்கு அடியுங்கள், அதே இடைவெளியில் மூன்றாவது. வழிந்துவிட்டால் துடைக்கப் போகாதீர்கள். முழுசாகக் காய்ந்த பிறகு 2000-இல் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பாலிஷ் போட்டால் போய்விடும்.

தடவும் வகை என்றால் துணியை நனைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிறுத்தாமல் நேர்க்கோட்டில் இழுங்கள், அடுத்த கோடு முந்தையதன் மேல் கொஞ்சம் ஏறியபடி. போன இடத்துக்கே திரும்பி வந்து தேய்க்கக் கூடாது, பாதி காய்ந்த படலம் கிழிந்து தழும்பாகிவிடும்.

ஃபிலிம் என்றால் சோப்புத் தண்ணீர் தெளித்து, வழுக்கி நிறுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளுங்கள். வளைவு அதிகமான ஹெட்லைட்டில் ஓரங்கள் எழும்பிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி இழுத்தால் உட்காரும்.

11. காயவிடுங்கள்

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் உள்ளே இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. டேப்பை மட்டும் பூச்சு முழுசாக இறுகும் முன் மெதுவாக, உங்கள் பக்கம் மடக்கியபடி பிய்த்துவிடுங்கள். இறுகிய பிறகு பிய்த்தால் ஓரப் பூச்சும் சேர்ந்து வரும். முதல் நாள் மழையோ பனியோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஷாம்புவும் அதிவேகத் தண்ணீர் பீய்ச்சலும் வேண்டாம்.

12. குறுக்கு வழிகள் பற்றி

பற்பசை வேலை செய்கிறது, பொய் இல்லை. அதில் மெல்லிய அரைக்கும் துகள் இருப்பதால் லேசான மங்கலை எடுக்கும், ஆனால் வெடித்த பூச்சை அசைக்காது, பாதுகாப்பும் தராது. உடனே பளிச்சென்று ஆக்கும் எண்ணெய் ஸ்பிரேக்கள் நம் தண்ணீர்ச் சோதனையில் தண்ணீர் செய்த வேலையைத்தான் செய்கின்றன, எண்ணெய் போனதும் மங்கல் திரும்பும். கொசு விரட்டித் தைலத்தைத் தடவும் பழக்கம் இன்னும் மோசம். அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைக்கிறது.

சூடாக்கிய குவளையிலிருந்து ஆவி அடித்து நொடியில் தெளிய வைக்கும் கிட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்த ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும் கரைப்பானின் ஆவி. பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் சுவாசிக்கக் கூடாத ஆவி அது, பிளாஸ்டிக்கும் பின்னால் வெடிப்பு விட வாய்ப்பிருக்கிறது. வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

13. இரவில் ஒருமுறை பாருங்கள், பிறகு பராமரிப்பு

பூச்சு இறுகியதும், சமதரையில் ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி லோ பீமைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், வெட்டுக்கோடு (மேலே வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் கோடு) தெளிவாக விழ வேண்டும். மங்கிய ஹெட்லைட்டில் வெளிச்சம் சிதறிக் கிடந்ததால் தெரியாமலிருந்த சாய்வு இப்போது தெரியவரலாம், ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் கண்டிப்பாகத் தெரியும். மேல்நோக்கிப் போகும் பீம் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும், ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் திருகில் இறக்கிவிடுங்கள். வெளிச்சம் இன்னும் குறைவாகவே இருந்தால் பல்பையும் பிரதிபலிப்பானையும் பாருங்கள்.

கழுவும்போது காய்ந்த துணியால் ஹெட்லைட்டைத் துடைக்காதீர்கள், அதிலிருக்கும் தூசியே பேப்பராகிவிடும். பூச்சிக் கறையையும் பறவை எச்சத்தையும் ஊறவைத்து எடுங்கள். தடவும் வகைப் பூச்சு போட்டவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துப் பார்த்து, முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் பரவத் தொடங்கியதும், மஞ்சள் வரும்வரை காத்திருக்காமல், கழுவி ஆல்கஹால் துடைத்து இன்னொரு கோட் தடவிவிடலாம். அந்தக் கட்டத்தில் செய்தால் மறுபடி பேப்பரை எடுக்க வேண்டியிருக்காது.